எட்டு முழக் கால்கள்

போன வருடத்துப் பூசணியை எட்டுப் பேர் தார்ப்பாயில் வைத்துத் தூக்கினார்கள். லாரிக்கு நாலடி இருக்கும்போது ஒருவர் பிடி நழுவியது. காய் விழுந்து, அடியிலிருந்து காம்புவரை பிளந்துகொண்டது. விரிசல் விட்ட காயைக் கண்காட்சியின் பெரிய காய்ப் போட்டியில் எடை போட மாட்டார்கள். என் கணவர் வெகுநேரம் அதன் பக்கத்திலேயே குந்தியிருந்தார். பிறகு உள்ளே வந்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு முக்காலி வரைந்தார். மூன்று இரும்புக் குழாய்களின் தலையை ஒரே போல்ட்டில் கோத்து, நடுவில் சங்கிலி இழுத்தால் கொக்கி மேலேறும் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, பாரம் தூக்குகிற முக்காலி. ஒவ்வொரு காலுக்குப் பக்கத்திலும் "8 முழம்" என்று எழுதினார். வேறு அளவே இல்லை.

இந்த வருடமும் விதை போட்டது அவர்தான். காய் குடத்தளவு ஆனபோது அவர் இல்லை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பவில்லை.

பதினாறு வாரம் நான் தண்ணீர் ஊற்றினேன். காய் என் இடுப்புயரம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "எதுக்கும்மா இந்தப் பாடு? வெட்டி மாட்டுக்குப் போட்டுடுங்க" என்றார்.

"முழுசாத்தாங்க போகும்" என்றேன்.

கண்காட்சிக்கு மூன்று நாள் இருந்தது. என் நாத்தனார் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறாள். காலண்டர் தாளை அவளிடம் கொடுத்தேன். அளந்து கோடு போடும் வேலையை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. முழங்கையைக் குழாயில் ஊன்றி, விரல்நுனிவரை எட்டு தடவை அளந்து சாக்பீஸால் குறித்தேன். மூன்று குழாய்க்கும் அப்படியே. அவள் அறுத்து, துளை போட்டு, போல்ட் மாட்டினாள்.

மறுநாள் முக்காலியை லாரி பக்கத்தில் நிறுத்தினோம். கால்கள் மண்ணில் புதையாமலிருக்கப் பலகை போட்டோம். அகன்று விரியாமலிருக்க மூன்றையும் சேர்த்துத் தரையோடு தரையாகச் சங்கிலி கட்டினோம். காயைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து, பெல்ட் போட்டுத் தூக்கிப் பார்த்தோம். முக்காலி முனகக்கூட இல்லை. ஆனால் கொக்கி உச்சியில் போய் முட்டியபோது, டிரம்மின் அடி லாரித் தட்டுக்கு ஒரு சாண் கீழேயே நின்றது.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "லாரியைத்தான் உட்கார வைக்கணும் போல."

நாத்தனார் குழாயை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணி, இது யாரோட முழம்?"

"என்னோடது."

"சரியாப் போச்சு. எங்கண்ணன் நெட்டைக்கொக்கு. நீங்க அவன் தோளுக்குக்கூட எட்டினதில்ல. உங்க முழத்துக்குக் கோழிக்கூடுதான் கட்டலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் போன பிறகு முதல்தடவை. ஆனால் அவருடைய முழத்துக்கு இனி எங்கே போவது?

"சட்டைக் கையை அளந்து பார்ப்போமா?" என்றாள்.

"தோள்லேருந்து மணிக்கட்டு வரைக்கும்தானே வரும். விரல் வராதே."

அப்போதுதான் சமையலறைப் பலகை நினைவுக்கு வந்தது. டப்பா வைக்க அவரே அடித்தது. "கணக்கா மூணு முழம், மயிரிழை பிசகாது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டுவார். டப்பாக்களை இறக்கிவிட்டு டேப்பைப் பிடித்தோம். நூற்று ஐம்பத்தாறு சென்டிமீட்டர். அவருடைய முழம் ஐம்பத்திரண்டு. என்னுடையது நாற்பத்தொன்று. எட்டு முழத்துக்கு எண்பத்தெட்டு குறைகிறது.

"புதுக் குழாய் வாங்கவா?"

"இன்னிக்கும் நாளைக்கும் கடை லீவு" என்றாள். "ஒட்டுப் போடலாம். உள்ளே கனமான குழாய் ஒண்ணைச் செருகி, ரெண்டு பக்கமும் முழம் முழமா ஓடவிட்டுச் சுத்தி வெல்டு வச்சா, முறியாது."

"முறிஞ்சா?"

"முறிஞ்சா நீங்க என்னை வெட்டி மாட்டுக்குப் போட்டுடுங்க."

பொழுது சாய்வதற்குள் மூன்று காலும் வளர்ந்தன. திரும்ப டிரம்மைத் தூக்கினோம். இந்தத் தடவை தட்டைத் தாண்டி இரண்டடி மேலே போயிற்று. அப்படியே ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, ஒவ்வொரு ஒட்டையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் காலை காம்பை அறுத்தேன். முக்காலியைக் காய்க்கு மேல் நிறுத்தி, அடியில் எட்டு பெல்ட் நுழைத்து, உச்சியில் வளையத்தில் சேர்த்தோம். சங்கிலியை நானே இழுத்தேன். கை எரிந்தது. டிரைவர், "குடுங்கக்கா, நான் இழுக்கறேன்" என்றார். கொடுக்கவில்லை. காய் மண்ணைவிட்டு எழும்பியது. லேசாகச் சுற்றியது. நாத்தனார் இரண்டு கையாலும் அதை அணைத்து நிறுத்தி, "ஆடாதே, நெட்டை பெத்தது" என்றாள். டிரைவர் லாரியைப் பின்னால் நகர்த்தி, காய்க்கு அடியில் தட்டைக் கொண்டுவந்தார். விரித்திருந்த வைக்கோலில் அதை இறக்கினேன்.

கண்காட்சியில் ஃபோர்க்லிஃப்ட் இருந்தது. முட்டையைக்கூட உடைக்காமல் இறக்குவேன் என்றார் அதை ஓட்டுகிறவர். நடுவர் தரையில் படுத்து, டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். தட்டினார். திரும்ப டார்ச் அடித்தார். நாத்தனார் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"விரிசல் இல்லை. தராசுல ஏத்துங்க."

நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. நான்காவது இடம். "மூணாவது வர்றதுக்கு இன்னும் ஒரு வாய் தண்ணி ஊத்தியிருக்கலாம் நீங்க" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

காலண்டர் தாள் என்னிடம்தான் இருக்கிறது. "8 முழம்" என்ற அவர் எழுத்துக்குக் கீழே, வீட்டுக்கு வந்த அன்றே எழுதிவைத்தேன்: ஒரு முழம், ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். அடுத்த வருடத்துக்கு வேண்டும்.