கடல் தெரியாத சரிவு

கோயிலில் கல்யாண ஓலை வாசித்த மறுநாள், மான் பார்க்கலாம் என்று ரெக்ஸ் ஜெர்லினை வல்லநாட்டு மலைக்குக் கூட்டி வந்தான். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. சங்கு குளிக்கப் போன அவள் புருஷன் ஃபிராங்க்ளின் கடலோடு போய் வருஷம் எட்டாகிவிட்டது. உடல்தான் கரை சேரவில்லை.

முள்மரங்களுக்கு நடுவே காலையிலிருந்து ஏறினார்கள். மான் ஒன்றும் கண்ணில் படவில்லை. உச்சிப் பாறையில் கால் வைத்ததும் எதிரே, அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு அப்பால், கடல் கிடந்தது.

ஜெர்லினுக்கு அந்தப் பழைய பேச்சு நினைவில் வந்தது. "ஏளா, கடல்ல திசை தப்பிட்டா வேற எங்கயும் பாக்க மாட்டோம். வல்லநாட்டு மலையத்தான் தேடுவோம்" என்று ஃபிராங்க்ளின் அடிக்கடி சொல்லுவான். அந்த மலையின் உச்சியில் இப்போது இன்னொருவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

கையை உதறிவிட்டு ஓடிப் பாறைக்குப் பின்னால் ஒளிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இவ்வளவு தூரத்துக்கு ஆள் தெரியுமா என்ன, பைத்தியக்காரி என்று தன்னையே வைதாள். ரெக்ஸ் சிரிப்பான் என்று மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

அவன் சிரிக்கவில்லை. ஃபிராங்க்ளினோடு ஒரே வள்ளத்தில் போய்வந்தவன், அவள் பக்கத்திலேயே பாறையோடு முதுகை ஒட்டிக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"வந்த வழியா வேண்டாம்" என்றான் தாழ்ந்த குரலில். "மேற்க இறங்கிருவோம். அங்கன கடல் தெரியாது."