காய்ந்த நிறை

முனவ்வராவிடம் ஈர மிளகை விற்க இனி ஒருவன் பிறந்துதான் வர வேண்டும். யட்டவத்தையில் அவளுடைய கடைக்கு வரும் மிளகு மூட்டைக்குள் கைவிட்டு நாலு மணியை உருட்டுவாள், ஒன்றைக் கடிப்பாள், "இன்னும் ரெண்டு நாள் வெயில்ல போடுங்க" என்று திருப்பிவிடுவாள். கெஞ்சினாலும் சரி, கத்தினாலும் சரி. அவள் கடையில் இருப்பது ஆள் ஏறி நிற்கக்கூடிய, அரசு முத்திரை பதித்த நல்ல தராசு என்பதால் மாவட்டக் குத்துச்சண்டைப் போட்டிக்கு வருடா வருடம் அதைத்தான் இரவல் கேட்பார்கள். தராசைத் தனியே அனுப்ப மனம் வராமல் அவளும் கூடவே போவாள்.

இந்த வருடம் போனதற்கு வேறு காரணமும் இருந்தது. மகன் றிஸ்கான் ஐம்பத்தேழு கிலோப் பிரிவில் இறுதிச் சண்டைக்கு வந்திருந்தான். வென்றால் தேசியத் தெரிவுக்கு அந்தப் பிரிவில் போகும் ஒரே பெயர் அவனுடையது. இரண்டு வருடமாக ஐந்து வேளையும் அவள் கேட்ட துஆ அது.

சனிக்கிழமை பின்னேரம் நிறுவை. அதற்கு முதல் ஒன்றரை நாள் றிஸ்கான் தண்ணீர் தொடவில்லை. பிளாஸ்டிக் அங்கியைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடினான், எச்சிலைக்கூடத் துப்பித் துப்பிக் காய்ந்தான். தராசு சரியாக ஐம்பத்தேழைக் காட்டியது. வெடித்துப்போன அவன் உதட்டைப் பார்க்க முனவ்வராவுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய் செவ்விளநீர், கஞ்சி, கோழிக்கறி, பிறகும் செவ்விளநீர் என்று விடாமல் கொடுத்தாள். மறுநாள் மத்தியானம் அவன் அறுபத்தொரு கிலோ. சட்டத்தில் அதற்கு இடமிருந்தது. நிறுவை முடிந்த பிறகு என்ன தின்றாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

ஞாயிறு காலை கடைசிக் கோப்பையை நீட்டும்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. காய்ந்ததைக் காட்டிவிட்டு நனைத்ததைக் கொண்டுவந்து கொட்டுகிறவனைக் கடைப்படி ஏற விடுவாளா அவள்? அந்த வேலையைத்தானே இப்போது தன் வீட்டுக் குசினியில் வைத்துச் செய்துகொண்டிருக்கிறாள். எல்லாரும் செய்கிறதுதான் என்று மனதைத் தட்டிக் கொடுத்துப் பார்த்தாள். அது அடங்கவில்லை.

அடங்காததற்குக் காரணம் எதிராளி. ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்த அழகுமுத்து, ஆறு வருடமாக அவளுக்கு மிளகு கொண்டுவருகிறவன். அவனுடைய மிளகை மட்டும் அவள் கடித்துப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை அவன் வயிறாரச் சோறு தின்றுவிட்டு வந்து தராசில் ஏறினான். ஐம்பத்தாறு கிலோ எண்ணூறு கிராம்.

சண்டைக்கு முன் மண்டபத்து வாசலில் அவனைக் கண்டதும் முனவ்வராவால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"தம்பி, றிஸ்கான் இப்ப அறுபத்தொரு கிலோ. நான்தான் குடிக்கக் குடுத்தேன்."

"தெரியுங்க அக்கா. நேத்து அவரு மொகத்தப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சும் குத்துச்சண்டைச் சங்கத்துல சொல்லலியா?"

"சட்டப்படி சரிதானுங்களே. மேடை ஏறுறதுக்கு முந்தி இன்னொரு தடவ நிறுக்கணும்னு போன வருசமே எழுதிக் குடுத்தேன். இல்லாட்டி மூணு ரவுண்ட அஞ்சாக்குங்கன்னேன். காயப்போட்ட ஒடம்பு மூணு தாங்கும், அஞ்சு தாங்காது. படிச்சிட்டுச் சிரிச்சாங்க." அவனும் சிரித்துவிட்டு, கைக்குத் துணி சுற்றப் போனான். நாலு கிலோ கூடிய ஒருவனிடம் அடிவாங்கப் போகிறவன் இப்படியும் சிரிப்பானா என்று அவள் அசந்துபோய் நின்றாள்.

முதல் இரண்டு சுற்றும் றிஸ்கானுடையதுதான். ஒவ்வொரு குத்திலும் அந்த நாலு கிலோ இருந்தது. அழகுமுத்துவின் உதடு கிழிந்தது, புருவம் வீங்கியது. ஆனாலும் அவன் ஒதுங்கவே இல்லை. தன் மகனை அடிக்க வந்தவனை இப்படி வியந்து பார்க்கிறோமே என்று முனவ்வராவுக்கே வெட்கமாக இருந்தது.

மூன்றாவது சுற்று முடியப்போகும் நேரத்தில் றிஸ்கானின் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. முழங்கால் நடுங்கியது, கைகள் இறங்கின. அழகுமுத்து அவனைக் கயிற்றோடு சாய்த்து வலக்கையை ஓங்கினான். தாடையில் ஒன்று விழுந்தால் சண்டை அதோடு முடிந்துவிடும். ஆனால் றிஸ்கானின் கண்கள் எங்கோ போயிருந்ததை அவன் கண்டுவிட்டான். ஓங்கிய கையை இறக்கி, இரண்டடி பின்னால் போய், நடுவரைக் கூப்பிட்டான். மண்டபமே அவனைப் பார்த்து ஊளையிட்டது. நடுவர் எட்டு வரை எண்ணி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

புள்ளி போட்ட மூன்று பேரின் தீர்ப்பு இரண்டுக்கு ஒன்று. வெற்றி றிஸ்கானுக்கு.

உடுப்பு மாற்றும் அறையில் றிஸ்கான் சுவரில் சாய்ந்து கிடந்தான்.

"உம்மா, அவரு கைய எறக்கினதப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மகன்."

"அடிச்சிருந்தா?"

அவள் குனிந்து அவனுடைய கெண்டைக்காலை நீவிவிட்டாள். அந்தக் கை இறங்கியிருக்காவிட்டால் தன் மகன் என்ன ஆகியிருப்பான் என்று அவள் நினைத்துப் பார்க்கவும் விரும்பவில்லை. அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். நொண்டி நொண்டி மண்டபத்துக்குள் போனவன், தெரிவுப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த செயலாளரின் மேசையில் கையூன்றி நின்றான்.

"சேர், ஐம்பத்தேழுக்கு என் பேர் வேணாம். அழகுமுத்துட பேரப் போடுங்க. நான் அடுத்த வருசம் என்ட சொந்த நிறையில வாறேன்."

பக்கத்தில் உதட்டுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்த அழகுமுத்து எழுந்துவிட்டான். "என்னங்க இது? நீங்க சட்டப்படிதானே செயிச்சீங்க."

"சட்டம் சரின்னுதான் சொல்லுது. எனக்குத்தான் சரியாப் படல."

செயலாளர் பேனையை வைத்துவிட்டு முனவ்வராவைப் பார்த்தார். "நோனா, மகன் ஏதோ சூட்டில் பேசுறார். இன்னொரு வாய்ப்பு வரும் என்று யார் கண்டது? கொஞ்சம் சொல்லுங்க."

ஒரு சொல் போதும், மகன் கேட்பான். அவள் எத்தனை விடியலில் கையேந்திக் கேட்ட இடம் அது.

"அவன் சொன்னபடியே எழுதுங்க, சேர்" என்றாள்.

செயலாளர் றிஸ்கானின் பெயருக்குக் குறுக்கே மெதுவாகக் கோடு இழுத்தார். முனவ்வரா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு வலித்தது. அந்தப் பெயரை அவனுக்கு வைத்த அன்றுகூட அவளுக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.