அப்பா ஆடினாரா?

அயர்லாந்தில், எங்கள் மேயோ பக்கத்தில் சாவு விழுந்த வீட்டின் கதவைச் சாத்த மாட்டார்கள். சவப்பெட்டியை முன்னறையில் திறந்து வைத்துவிட்டால், அடக்கம்வரை ஊரே வந்து போகும். வந்தவர்கள் கைகுலுக்கி, தேநீர் குடித்து, செத்தவரைப் பற்றிப் பேசித் தீர்ப்பார்கள். இருபத்துமூன்று வயதில் எனக்கு அது சுத்த வெட்டிப்பேச்சாகத் தெரிந்தது. இன்று அந்தச் சமையலறைச் சத்தத்தை ஒரு மணி நேரம் திரும்பக் கேட்க எதையும் கொடுப்பேன்.

அந்த வயதில்தான் அப்பா போனார். பால் லாரி ஓட்டியவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்பதுபோல் இருப்பார். மறுநாள் கோயிலில் அவரைப் பற்றி நான்தான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று பாதிரியார் சொல்லிவிட்டார். டப்ளினில் வேலை பார்க்கிற பெண், வெளுத்து வாங்குவாள் என்று அவருக்கு நினைப்பு. எனக்கோ ஒன்றும் வரவில்லை. நல்லவர், உழைப்பாளி. அதற்கு மேல்?

கிழவர்களிடம் மாட்டாமல் தேநீர்த் தட்டோடு ஓடிக்கொண்டிருந்த என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார் ஒருவர். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த டோமினிக். முன்னறையில் ஜெபமாலை நடந்துகொண்டிருந்ததால் சமையலறையில் காத்திருந்தார்.

"உங்கப்பன் மாதிரி ஆட எவனுக்கும்மா வரும்? லண்டன்ல கட்டட வேலை முடிஞ்சதும் சிமென்டைக்கூடக் கழுவாம டான்ஸ் ஹாலுக்கு ஓடுவான். பொண்ணுங்க வரிசை கட்டி நிப்பாங்க!"

"எங்கப்பாவா?"

"பின்ன எங்கப்பனா? ஒருநாள் பூட்ஸ் பிஞ்சு போச்சு. கழட்டி வீசிட்டு வெறும் சாக்ஸோட ஆடினான்!"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கேட்கக் கேட்க மறுநாள் பேச்சு மனதில் தானாக உருவானது. ஜெபம் முடிந்ததும் டோமினிக் முன்னறைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"ஏம்மா, உள்ள படுத்திருக்கிறது யாரு?"

வாசலில் வரிசையாகக் கார்கள் நிற்பதைப் பார்த்து நுழைந்துவிட்டார் மனிதர். அவர் போக வேண்டிய சாவு வீடு அடுத்த திருப்பத்தில் இருந்தது.

சமையலறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன், பிறகு அழுதேன். 'அது என் அப்பா இல்லை' என்று சொல்லும் அளவுக்குக்கூட எனக்கு அவரைத் தெரிந்திருக்கவில்லை.

தட்டை வைத்துவிட்டு முன்னறைக்குப் போனேன். பெட்டியருகே அம்மாவும் பக்கத்து வீட்டு டீலியாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"டீலியா, எங்கப்பா ஆடுவாரா?"

"மரக்கட்டை ஆடும், அவன் ஆட மாட்டான்." பெட்டியைப் பார்த்து, "மன்னிச்சுக்கடா" என்றார். "ஆட வராதுன்னுதான் நம்ம ஊரு டான்ஸ் ஹால் வாசல்ல கோட்டு வாங்கி வைக்கிற வேலைக்கு வந்தான். உங்கம்மா கோட்டை மட்டும் எப்பவும் எல்லாத்துக்கும் அடியில போட்டுடுவான்."

"எதுக்கு?"

"அப்பத்தானே இவ கடைசி ஆளா நிப்பா? பேசலாமேன்னுதான். அப்பவும் பேச மாட்டான், அது வேற கதை."

அப்பா போனதிலிருந்து அழாமல் கல்லாக இருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"வேணும்னே செஞ்சாரா? மந்தம்னுல்ல நெனச்சேன்! உனக்கு யாரு சொன்னா?"

"டிக்கெட் கிழிச்சது நான்தானே. கண்ணால பாத்தேன்."

"இத்தனை வருஷமா சொல்லலையே, டீலியா!"

"யாரு கேட்டீங்க?"

அம்மா பெட்டிக்குள் குனிந்து அப்பாவின் கன்னத்தில் செல்லமாகத் தட்டினாள். "திருட்டு மனுஷா" என்று சிரித்தவள், அப்படியே உடைந்து அழுதாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் கோயிலில் அந்தக் கோட்டுக் கதையைத்தான் சொன்னேன். கோயிலே சிரித்தது. அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். வந்தவர்களின் கோட்டுகளை வாங்கி மாடிக் கட்டிலில் குவித்தது நான்தான். ஒவ்வொருவராகக் கிளம்பியபோது டீலியாவும் எழுந்தார்.

"என் கோட்டு எங்கடி?"

"அடியில எங்கேயோ இருக்கு, டீலியா. தேடுறேன், அதுவரைக்கும் உக்காருங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, தேநீர் போடு" என்றார்.