உண்மையான கறுப்பு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த சாதனை பிளாஸ்மா டிவிதான் என்று, இரண்டாயிரத்தெட்டு அக்டோபரில், ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு கடையில் நின்று நாகலிங்கம் அத்தான் அறிவித்தார். எல்சிடியில் கறுப்பே கிடையாது, அழுக்குச் சாம்பல்தான். கறுப்பைக் கறுப்பாகக் காட்டும் யோக்கியதை பிளாஸ்மாவுக்கு மட்டுமே உண்டு. இதை அவர் சிரிக்காமல் சொன்னார். விசிட் விசாவில் வந்து அவர் வீட்டு ஹாலில் படுத்துக் கிடப்பவன் என்பதால் நானும் சிரிக்கவில்லை.

ஹாலில் ஜன்னல் உண்டா என்று கடைக்காரர் லுக்மான் கேட்டார். உண்டு, ஒன்றே ஒன்று. படுக்கையறைக்கு அதுவும் கிடையாது. அப்படியென்றால் எல்சிடி எடுங்கள், பிளாஸ்மாவின் கண்ணாடி வெளிச்சத்தை அப்படியே திருப்பிக் காட்டும் என்றார் அவர். அத்தான் சற்று யோசித்து, குறை ஜன்னலில்தான் என்ற முடிவுக்கு வந்தார்.

"ஜன்னல அடைச்சா பகல்ல நான் என்ன செய்வேன்?" என்று வீட்டில் கேட்டாள் பானுமதி அக்கா.

"அதுல அப்படி என்னட்டி படம் ஓடுது? நாலு பஸ் வருது, நாலு பஸ் போகுது. அதுக்கு ஒரு ஆளு, இடுப்புல கைய வச்சிட்டு நாள் பூரா நிக்கா."

மூன்று வருடமாக ஷார்ஜா என்பது அக்காவுக்கு அந்த ஜன்னலில் தெரிகிற அளவுதான்.

டிவி வந்த அட்டைப்பெட்டியையே பிரித்து ஜன்னலில் பொருத்தி, ஓரமெல்லாம் டேப் ஒட்டினார் அத்தான். ஹாலுக்குத் தியேட்டர் என்று பெயர் மாறியது. திரையில் கறுப்பு நிஜமாகவே கறுப்பாக இருந்தது; வீட்டில் மற்ற எல்லாமும்தான். வேலை தேடி அலைந்துவிட்டு நான் திரும்பும்போதெல்லாம் அக்கா, "விமலு, பச்சக் குடைக்காரி இன்னிக்கு வந்தாளாடே? துபாய் பஸ்ஸுக்கு நிப்பாள்லா" என்று கேட்பாள். பார்க்காமலே, வந்தாள் என்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் திரையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. துடைத்தும் போகவில்லை. அத்தான் கடைக்குப் போன் போட்டு உண்மையான கறுப்பின் இலக்கணத்தை விளக்கினார். இருட்டிய பிறகு மெக்கானிக் வந்தான், புள்ளி இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் இதே கதை. அவன் அத்தானைக் கண் டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டுப் போனான். அதற்கடுத்த வாரம் புள்ளி அடியோடு காணாமல் போனது. தன் போனுக்குப் பயந்து டிவி திருந்திவிட்டதாக அத்தான் சொன்னார்.

எனக்கு விஷயம் தெரியும். அத்தான் டூட்டிக்குப் போன மதியங்களில் அக்கா இடுப்பில் கை வைத்து அட்டையைப் பார்த்தபடி நிற்பாள். அவள் கண் உயரத்தில் அதில் ஒரு சின்ன ஓட்டை. அதில் நுழைந்த வெயில்தான் திரையில் புள்ளியாக விழுந்தது. மெக்கானிக் இரண்டாம் முறை வந்து போனபின், பார்த்து முடித்ததும் ஓட்டையின் மேல் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிடப் பழகியிருந்தாள்.

ஜனவரியில் அத்தானின் கம்பெனி, கூப்பிடும்வரை வீட்டில் இருக்கச் சொன்னது. கூப்பிடவில்லை. பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்ததால் ஊருக்கும் போக முடியாது. அக்கா துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்குப் போனாள். பச்சைக் குடைக்காரிதான் தினமும் பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்து வைக்கிறாளாம். எனக்கு ஒரு நைட் டூட்டி கிடைத்தது; பகலில் தியேட்டரில் தூங்கினேன். அத்தான் என் தலைமாட்டில் உட்கார்ந்து, ரிமோட்டின் எல்லா எண்களையும் அழுத்திக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பிற்பகல் தொழுகைக்கான அசர் பாங்கு கேட்டு விழித்தேன். டிவி அணைந்திருந்தது. அத்தான் அட்டையருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடி திறந்தபோது, தேடாமல் நேரே அந்த இடத்தில் நகத்தை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். பொட்டு வந்தது. திரையில் வெள்ளைப் புள்ளி விழுந்தது.

ஓட்டை அக்காவின் உயரத்துக்குப் போட்டது. ஆறடி அத்தான் முழங்காலை மடக்க வேண்டியிருந்தது. பொட்டு தொலைந்துவிடாதபடி பெருவிரல் நகத்தில் ஒட்டி, அந்தக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணை அட்டையில் பொருத்தினார். கீழே துபாய் பஸ் ஒன்று மூச்சுவிட்டபடி கதவைத் திறந்தது. திரையில் இப்போது புள்ளி இல்லை. சுத்தமான கறுப்பு.