வாசலுக்கு வெளியே நின்ற நேரம்

"12 நவம்பர் 2024, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. முருகம்மாள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று பதிந்தேன். அவர் வந்திருந்தார்."

மாலை வகுப்பு தொடங்கக் கால் மணி நேரம் இருந்தது. எழுதியதை மிஸ்பா இரண்டு முறை படித்தாள். பிறகு 'சிறு' என்ற சொல்லை மட்டும் அடித்தாள்.

கொடைக்கானலில் அவளுடைய மாமா முத்து முகம்மதுவின் காய்கறிக் கிட்டங்கியில் சரக்கை எடை போடுவது அவள் வேலை. மேல்மலை ஊர்க்காரர்கள் கொண்டுவரும் காய்கள் பதினோரு மணி லாரியில் ஏறிவிட வேண்டும், தவறினால் மறுநாள்தான். முன்பெல்லாம் விடியுமுன்னே வந்து, முற்றத்தில் மூட்டையை வரிசையில் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். மூட்டையின் வாயில் கட்டிய துணியின் நிறம்தான் அடையாளம். மூட்டை நிற்கும் இடமே ஆளின் முறை. அதை யாரும் நகர்த்தியதில்லை.

தொழில் நிர்வாக வகுப்பில் சேர்ந்த பிறகு அந்த வரிசை அவள் கண்ணை உறுத்தியது. காத்திருப்பைக் குறைக்க ஒரு செயலியைக் கொண்டுவந்தாள். செல்போனில் டோக்கன் எடுக்க வேண்டும். கேட்டுக்கு வந்ததும் அதே போனில் 'வந்துவிட்டேன்' என்று அழுத்த வேண்டும். அழுத்தியவருக்குத்தான் கேட் திறக்கும். முற்றம் துடைத்து வைத்தாற்போல ஆனது. மூன்று மணி நேரக் காத்திருப்பு இருபது நிமிடமாகிவிட்டதென்று செயலி படம் போட்டுக் காட்டியது. மாமா பூரித்துப் போனார். ஆசிரியர் சேனாதிபதி, அதை இன்று வகுப்பில் எல்லோருக்கும் விளக்கச் சொல்லியிருந்தார்.

மேல்மலையிலிருந்து பீன்ஸ் கொண்டுவரும் முருகம்மாளிடம் இருப்பதோ பட்டன் போன். பக்கத்து வீட்டு மனோஜ்குமார்தான் தன் போனில் டோக்கன் எடுத்துக் கொடுப்பான். எடுத்த கையோடு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தன் சோலிக்குப் போய்விடுவான். கேட்டுக்கு வந்தபின் அவள் எதை அழுத்துவாள்? நேற்று அப்படித்தான் பீன்ஸ் மூட்டையோடு திரும்பிப் போனாள். இன்றும் லாரி அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது.

லாரி போன பிறகுதான் மிஸ்பா கேட்டருகே வந்தாள். முருகம்மாள் கத்தவில்லை.

"நான் வரலைன்னு எழுதியிருக்கியாமே தாயி. அப்ப வெள்ளனே இருந்து இங்கன நிக்கிறது யாரு, என் ஆவியா?"

பின்னால் நின்ற குழந்தைவேல், "நம்ம எல்லாருமே ஆவிதான் மதினி. கேட்டுக்கு உள்ள போனாத்தான் உசிரு வரும்" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். மிஸ்பாவுக்குக் காது மடல் சுட்டது.

முருகம்மாள் மூட்டையின் சிவப்புத் துணியை அவிழ்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பறித்த பீன்ஸ். உள்ளிருந்து வெக்கை அடித்தது. கையில் எடுத்தால் வழுவழுத்தது.

"செடியில இன்னொரு பறி கெடக்கு. நாளைக்கும் திருப்பி விட்டியன்னா, செடியப் புடுங்கிப் போட்டுட்டு வத்தலக்குண்டுக்குச் சித்தாளு வேலைக்குப் போயிருவேன். அங்க டோக்கன் கேக்க மாட்டாங்க."

மிஸ்பா கேட்டுக்கு வெளியே நின்றவர்களை எண்ணினாள். பத்தொன்பது பேர். செயலியின் கடிகாரம் ஒருவருக்குக் கேட் திறந்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாலையில் மாமாவிடம் சொன்னபோது, படத்தில் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, வெரசாக வகுப்புக்குக் கிளம்பு என்றுவிட்டார்.

வகுப்பில் திரையில் காத்திருப்பு நேரத்தின் கோடு சரிந்து இறங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். ஒவ்வொரு தட்டலும் அவள் கன்னத்தில் விழுந்தது. தட்டி முடிக்கும்வரை காத்திருந்து, அந்தப் படம் தவறு என்றாள். செயலியில் என்ன கோளாறு என்று சேனாதிபதி கேட்டார்.

"செயலில ஒண்ணும் இல்ல சார். ஜன்னல் வழியா அந்தம்மாவோட செவப்புத் துணி மூட்டையப் பாத்துக்கிட்டேதான் நான் 'வரவில்லை'ன்னு அழுத்துனேன். காத்திருப்பு கொறையல. அதைக் கேட்டுக்கு வெளிய தள்ளிட்டு, எண்ணுறதை நிறுத்திட்டேன். புது முறை கொண்டு வர்றவங்க, அதுக்குள்ள வர முடியாம நிக்கிறவங்களத்தான் சார் மொதல்ல எண்ணணும்."

இப்போது யாரும் கை தட்டவில்லை. தலை நிமிராமல் அவள் போய் உட்கார்ந்தாள்.

வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் நின்று அந்தப் பட்டன் போனுக்குக் கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே முருகம்மாள் எடுத்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வராமல் மிஸ்பா தடுமாற, அவளே கேட்டாள்: "பறிக்கவா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு தாயி."

"பறிங்கக்கா."

பிறகு நாள்குறிப்பைத் திறந்து, விட்ட இடத்தின் கீழே எழுதினாள்:

"நாளை ஐந்தரை மணிக்குக் கேட்டைத் திறக்க வேண்டும். மூட்டைகளை முற்றத்தில் வரிசையாக வைக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் வந்த நேரத்தை நானே கையால் எழுத வேண்டும். முதல் எடை, சிவப்புத் துணி மூட்டை."