மூன்றாவது சங்கு

இருந்தவர்கள்: தீயணைப்புப் படைத் தலைவர் ஆலோய்ஸ் ஹாஸ்லிங்கர், விடுதிக்காரி புர்கல், படையில் ஒருவனான நான். இடம்: புர்கலின் விடுதி. சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டு.

1

இது கடிதமாகத் தொடங்கியது. அந்தச் சனிக்கிழமை எங்கள் ஊர் விவசாயி ஃபெர்டலின் தொழுவம் எரிந்து பதினொரு மாடுகள் செத்தன. "அன்புள்ள ஃபெர்டல், அன்றைக்கு நான்" என்பதோடு பேனா நின்றுவிட்டது. கதையென்றால் பொய் சொல்லலாம் என்று இந்தப் பக்கம் வந்தேன்.

2

முதல் தொடக்கம்: மலையடிவாரத்தில் எண்ணூறு பேர் வாழும் அமைதியான

(அடித்துவிட்டேன். மர ஆலை இரவெல்லாம் அறுக்கும் ஊர் இது. அங்கே இரவு வேலையைப் பாதியில் விட்டவன் நான்.)

இரண்டாவது: எங்கள் ஊரில் சனிக்கிழமை மதியம் சோதனைக்காகச் சங்கு ஒருமுறை ஊதும். தீ என்றால் மூன்று முறை. சனிக்கிழமைச் சங்குக்கு யாரும் ஓடுவதில்லை, கரண்டியை எடுப்போம்.

அன்று முதல் சங்குக்கு புர்கல் ஈரல் உருண்டை சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டாவதும் ஊதியது. ஹாஸ்லிங்கர் எழுந்துவிட்டார்.

"என்னது, மறுபடியும்?"

"உட்காருங்க தலைவரே," என்றேன். "பொத்தான அமுக்குறவன் காலையிலயே ரெண்டு கிளாஸ் ஏத்தியிருப்பான். முதல்ல ஊதுனது அவன் காதுலயே விழுந்திருக்காது."

"உன் வாய் இருக்கே!" புர்கல் சிரித்தாள். "சூப் ஆறுது தலைவரே. நெருப்புக்கும் பசிக்கும்ல, அதுவும் சாப்பிட்டுட்டு வரட்டும்."

அவரும் சிரித்தார். உட்கார்ந்தார்.*

* மூன்றாவது சங்கு அந்தச் சிரிப்பில் அமுங்கியது. நான் சன்னலோரம் இருந்தேன். எனக்குக் கேட்டது.

3

ஹாஸ்லிங்கரை ஒரு பாத்திரமாக என்னால் நம்ப முடியவில்லை. படை தாமதமாகப் போனதற்கு ஊரே அவரைத் திட்டியது. 'இவன்தான் உட்காரச் சொன்னான்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வைத்து எழுதிப் பார்த்தேன். அவர் வாயில் ஒட்டவில்லை.

4

முடிவு அ: உட்காரச் சொன்னது நான்தான் என்று சொல்கிறேன். அவர் பதவி தப்புகிறது, படையிலிருந்து என்னைத் துரத்துகிறார்கள்.

முடிவு ஆ: வாயைத் திறக்கவில்லை. அவர் போகிறார். சனிக்கிழமைதோறும் அவரெதிரே உட்கார்ந்து

(இதை முடிக்க முடியவில்லை.)

போன ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்ததும், அவரை நீக்கப் படை நிலையத்தில் வாக்கெடுப்பு. வாசலில் ஃபெர்டல் நின்றிருந்தார்.

"சீக்கிரம் வாய்யா, உனக்காகத்தான் கதவத் தொறந்து வச்சிருக்கேன். ஒரு நிமிஷ வேலை. கையத் தூக்கிட்டுப் போயிடலாம்."

உள்ளே ஹாஸ்லிங்கர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், எப்போதும்போல.

அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். என்னை இவ்வளவு தூரம் படித்தவர் நீங்கள்; உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.

உள்ளே போனேன். ஃபெர்டல் என் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.