கயிற்றை நகர்த்தினாளாம்

1.

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். என் ஓரகத்தி பசீலியாவைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. தீயைக் கொஞ்சம் தணித்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நான் தொரிபியா. ஊர் விலாப்பாட்டா. பெரிய ஏரிக்குத் தெற்கே, மரம் முளைக்க யோசிக்கும் உயரத்தில் இருக்கிறது. என் புருஷன் ஃபவுஸ்தோ மூத்தவன், அவள் புருஷன் இளையவன். ஊர் நடுவில் இருக்கும் மேடு திவனாக்கு என்ற பழைய நாகரிகத்தின் காலத்தது என்று தலைநகர் லா பாஸிலிருந்து அகழாய்வாளர் டாக்டர் ஒஃபேலியா வந்து நான்கு பருவமாகத் தோண்டுகிறார். டாக்டர் எழுதுவார். குழியில் இறங்கி மண் சுரண்டுவது ஊர்ப் பெண்கள் நாங்கள், முறை வைத்து.

இதை உங்கள் மொழியில் எழுதக் காரணம் உண்டு. (எப்படிக் கற்றேன் என்று கேட்காதீர்கள். அது வேறு கதை. அதில் பசீலியா இல்லை, அதனால் எனக்கு அதில் ஆர்வமும் இல்லை.) எங்கள் அய்மாரா பேச்சில் எழுதினால் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வேன். எங்களுக்குக் கண்ணால் பார்த்ததற்கு ஒரு முடிவு, காதால் கேட்டதற்கு வேறு முடிவு. வாக்கியத்தின் வாலைக் கேட்டாலே சொல்கிறவள் அங்கே இருந்தாளா இல்லையா என்று தெரிந்துவிடும். உங்களுக்கும் அந்த வால் உண்டு: வந்தாள், வந்தாளாம். ஆனால் நீங்கள் அதை இஷ்டத்துக்கு வெட்டிக்கொள்கிறீர்கள். யாருமே பார்க்காததைப் 'போனான், அழுதாள், செத்தான்' என்று எழுதிக் கதை என்று பெயர் வைத்துப் பரிசும் வாங்குகிறீர்கள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பொய்.

2.

தொடக்கங்கள் சிலவற்றை முயன்றேன்.

'ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பனிமலைகள் சூழ்ந்த இந்தப் பீடபூமியில் ஒரு மாபெரும் நாகரிகம்' — நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருப்பதைப் போல இருந்தது.

'பசீலியா அழகி.' அடித்துவிட்டேன். உண்மைதான், ஆனால் என் கையால் எதற்கு எழுத வேண்டும்?

'பசீலியாவின் தொப்பி காற்றில் விழாது.' இது இருக்கட்டும். ஊர் முழுக்க எல்லாப் பெண்களும் காற்றடித்தால் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொள்வோம். அவள் மட்டும் இரண்டு கையாலும் வேலை செய்வாள். அவள் பனியில் உறையப் போட்ட சூன்யோக் கிழங்கு வெண்மையாகக் காயும், என்னுடையது கறுக்கும். இரண்டுக்கும் ஒரே பனி, ஒரே வெயில். டாக்டர் என்னைத் 'திருமதி தொரிபியா' என்பார், அவளை 'பசி' என்பார். எனக்கு மரியாதை, அவளுக்குச் செல்லம். எது வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

என் குழியும் அவள் குழியும் பக்கத்துப் பக்கத்துக் குழிகள். நடுவில் ஆணி அடித்துக் கட்டிய ஒரு வெள்ளைக் கயிறு. மூன்று பருவத்தில் என் குழியில் கிடைத்தவை: லாமா எலும்பு, கரி, ஒரு சோடா மூடி. அவள் நான்காம் பருவத்தில்தான் வேலைக்கே வந்தாள். முதல் வாரத்திலேயே கேரு கிடைத்தது.

3.

கேரு என்பது வாய் அகன்ற மண் குவளை. அதில் சிச்சா என்ற சோளக் கள்ளை ஊற்றிக் குடிப்பார்கள். இந்தக் கேருவில் ஒரு முகம் இருந்தது. ஒரு கன்னம் உப்பி, உள்ளே கோக்கா இலையை அடக்கிய முகம். எங்கள் ஊர்த்தலைவர் செவெரோ கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதைப் போலவே இருக்கும்.

பசீலியா கயிற்றிலிருந்து ஒரு சாண் தள்ளி, தன் பக்கத்தில் குந்தியிருந்தாள். கரணையைக் கீழே வைத்தாள். விரலால் மண்ணை ஒதுக்கினாள். மூக்கு தெரிந்தது. "அடியாத்தி, யாரு நீ?" என்று அதனிடம் கேட்டாள். ஓட்டுத் துண்டைத் தூக்காமல் டாக்டரைக் கூப்பிட்டாள். பிறகு நாற்பத்தொரு துண்டுகள் வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

(எல்லாவற்றையும் வால் இல்லாமல் எழுதிவிட்டேன். கவனித்தீர்களா? இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.)

கேரு தனியாகப் பிறப்பதில்லை.* சோடியாகச் செய்வார்கள், ஏனென்றால் தனியாகக் குடிக்க மாட்டார்கள். குடித்துவிட்டு இரண்டையும் வேண்டுமென்றே உடைத்துப் புதைப்பார்களாம். அப்படியானால் இதன் சோடி எங்கே? கயிற்றுக்கு இந்தப் பக்கமாக இருக்கலாம். என் பக்கம். நான் தோண்டினேன், நகம் பெயரத் தோண்டினேன். வந்தது மண்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். கண்டெடுத்தவள் பெயர் ஊர்க் காட்சிக்கூடத்தில் பொருளுக்குக் கீழே வைக்கும் சீட்டில் எழுதப்படும், காட்சிக்கூடத்தின் சாவியும் அவள் இடுப்புக்குப் போகும். சாவி என்றால் பெரிய சாவியல்ல. ஆனாலும் அவள் நடக்கும்போது அது ஆடும்.

* டாக்டர் எழுதும் அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். 'இருந்திருக்கலாம்', 'எனக் கருதப்படுகிறது', 'போலும்'. அகழாய்வே ஒரு பெரிய 'ஆம்'. அந்தக் காலத்தவர்கள் ஏன் இரண்டு குவளையையும் உடைத்தார்கள் என்று கேட்டால் படையல் என்கிறார். எனக்குத் தோன்றுவது வேறு: இரண்டு ஓரகத்திகள் இருந்திருப்பார்கள்.

4.

இப்போது வாலின் கதை.

கேரு கிடைத்த மறுநாள் குழாயடியில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். சொன்னேன்கூட இல்லை, கேட்டேன். "கயித்த நகர்த்தியிருப்பாளோ?" அவ்வளவுதான். வாளி நிறைந்தது, வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து மதியச் சாப்பாட்டில் ஃபவுஸ்தோ வாயில் கிழங்கோடு சொன்னான். "உனக்குச் சேதி தெரியுமா? அந்தக் குவளை உன் குழியில கிடந்ததாம். பசீலியா கயித்த ஒரு சாண் நகர்த்தினாளாம்."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. வேன்காரன் சொன்னான்."

என் 'ஓ' ஊரைச் சுற்றிவிட்டு 'ஆம்' ஆகி வீட்டுக்கு வந்திருந்தது. பெற்றவளுக்குக் குழந்தையை அடையாளம் தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. கொஞ்சவும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஊர்க்கூட்டம். டாக்டர் ஓடுகளோடு லா பாஸுக்குப் போயிருந்தார். ஆண்கள் பலகையில், பெண்கள் தரையில். செவெரோ தலைவர் பதவிக்கு அடையாளமான சாட்டையைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு கேட்டார். "பக்கத்துக் குழி உன்னோடது தொரிபியா. நீ சொல்லு. என்ன நடந்துச்சு?"

எழுந்து நின்றேன். பாவாடையைத் தட்டிவிட்டேன். சொல்ல நினைத்தது, சத்தியமாக, 'நகர்த்தினாளாம்'. வாயில் வந்தது:

"பசீலியா கயித்த நகர்த்தினா."

வெளியூர்க்காரன் யாராவது அங்கே இருந்திருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது. எங்களில் ஒருத்தியும் மறுபடி கேட்கவில்லை. 'பார்த்தியா?' என்று கேட்க வேண்டியதே இல்லை, வால் இல்லாத வாக்கியம் பார்த்தேன் என்று சொல்லிவிட்டது. செவெரோ கன்னத்தில் இருந்த இலையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார். அவ்வளவுதான் தீர்ப்பு. சாவி என்னிடம் வந்தது. சீட்டில் என் பெயர் ஏறியது. பசீலியாவைக் குழி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் 'கயிறு'. ஆடு மேய்க்கப் போகும்போது பிள்ளைகள் கத்துகிறார்கள்: "கயிறு போகுது, கயிறு போகுது!"

ஒரு வாலைத்தான் விழுங்கினேன். இன்னும் செரிக்கவில்லை.

5.

(இந்த இடத்தில் தொரிபியா என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. அவளைக் கொஞ்சம் நல்லவளாக்கலாமா? 'வாய் தவறிவிட்டது' என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். மேலே 'சத்தியமாக' என்று ஒரு சொல் போட்டிருக்கிறேன், அது அதற்காகத்தான். அதை எடுத்துவிடுங்கள்.)

6.

போன செவ்வாய்க்கிழமை, வெயில் உச்சியில் இருக்கும்போது, பசீலியா காட்சிக்கூடத்துக்கு வந்தாள். எட்டு மாதத்தில் முதல் முறை. முதுகுத் துணி மூட்டையை இறக்கி வைத்தாள். கேருவின் முன்னால் நின்றாள்.

"நல்லா ஒட்டியிருக்காங்க" என்றாள். "மூக்குல மட்டும் கீறல் தெரியுது."

"பசை வெளிநாட்டுப் பசையாம்" என்றேன்.

சிரித்தாள். "பசைக்கெல்லாம் 'ஆம்' போடுற, அக்கா. எனக்குத்தான் ஒண்ணு போட மனசு வரல."

நான் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை புதுத் தலைவர் பதவி ஏத்துக்கிறாரு. என் விஷயத்தத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்டேன். சரின்னுட்டாரு. சாட்சி யாருன்னு கேட்டாரு. உன் பேரச் சொல்லியிருக்கேன்."

"என்னையா? உனக்குப் பைத்தியமா பசீலியா?"

"வேற யாரு இருக்கா? டாக்டரம்மா அந்தப் பக்கம் எழுதிக்கிட்டு இருந்தாங்க. மத்தவளுக சல்லடைகிட்ட. உன் கண்ணு ஒண்ணுதான் என் மேலயே இருந்துச்சு. என் முதுகு சுடும் அக்கா. உனக்குத் தெரியாம நான் ஒரு நாளும் மூக்குகூடச் சிந்தினதில்ல. என் புருஷன்கூட என்ன அப்படிப் பார்த்ததில்ல."

சீட்டின் மறுபக்கத்தையும் துடைத்தேன்.

"எனக்கு நீ ஒண்ணும் நல்லது செய்ய வேணாம். அதே வாக்கியத்த எல்லார் முன்னாலயும் என் மூஞ்சியப் பார்த்து இன்னொருக்கா சொல்லு. போன தடவ தரையப் பார்த்துச் சொன்ன." மூட்டையைத் தூக்கினாள். தொப்பி அசையவில்லை. வாசலில் நின்று, "சாவிய வலது பக்கம் கட்டிக்கோ, இடது பக்கம் சீக்கிரம் துரு புடிக்குது" என்றாள்.

7.

அவள் சொன்னது சரி. இதை மூன்றாம் பகுதியிலேயே எழுதியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை.

அந்தக் காலை குழிக்கு முதலில் வந்தவள் நான். தினமும் நான்தான் முதலில் வருவேன். ஏன் என்றால் அவள் குழி என் குழியைவிடப் பெரியது என்று எனக்குச் சந்தேகம். யாரும் வருவதற்கு முன் மண்டியிட்டு, குழியின் ஓரத்திலிருந்து கயிறு வரை சாண் போட்டு அளப்பேன். என் பக்கம் ஒன்பது சாண், அவள் பக்கம் ஒன்பது சாண். அன்றும் ஒன்பது, ஒன்பது. பிறகு அவள் வந்தாள், நான் கண்ணை எடுக்கவில்லை. கயிற்றை அவள் தொடவில்லை. கேரு அவள் குழியில், அவள் பக்கத்தில், அவள் விரலுக்குத்தான் வந்தது.

பொறாமைக்காரியைப் போல் நல்ல சாட்சி உலகத்தில் கிடையாது. அன்புள்ளவர்கள் நடுவில் கொஞ்சம் கண்ணசந்துவிடுவார்கள்.

8.

முடிவுகள்.

அ) தொரிபியா உண்மையைச் சொல்கிறாள். ஓரகத்திகள் கட்டிக்கொள்கிறார்கள். இரண்டு குவளையில் சிச்சா. இதைச் சோப்பு விளம்பரத்துக்கு விற்கலாம்.

ஆ) சனிக்கிழமை மாலைக்குள் என் குழியில் கேருவின் சோடி கிடைக்கிறது. உப்பிய மறு கன்னம். ஊர் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. இந்த முடிவுக்காக நேற்றுக்கூடத் தோண்டினேன். இன்னொரு சோடா மூடி. இப்போது என்னிடம் மூடி சோடியாக இருக்கிறது.

இ) தொரிபியா எழுந்து 'நகர்த்தினாளாம்' என்கிறாள். மூன்று நாள் இந்த முடிவோடு படுத்து எழுந்தேன். எவ்வளவு சுத்தமான வாக்கியம்! பொய் இல்லை, ஃபவுஸ்தோ சொல்லிக் கேட்டேனே. ஊர் என்னை மறதிக்காரி என்று மன்னிக்கும். பசீலியா பாதி கயிறாகவும் பாதி பசீலியாவாகவும் மேய்ச்சலுக்குப் போவாள். சாவி ஒருவேளை என்னிடமே இருக்கும்.

ஈ) — எழுதத் தொடங்கினாலே அந்தச் சாவி அவள் இடுப்பில் ஆடுவது தெரிகிறது. சீட்டில் அவள் பெயர் தெரிகிறது. பற்றிக்கொண்டு வருகிறது. வயிறு எரிய எரிய உண்மை சொன்ன ஒருத்தியை நான் எந்தக் கதையிலும் படித்ததில்லை.

9.

எங்களுக்கு நேற்று என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கும், அதைத்தான் பார்த்திருக்கிறோமே. நாளை முதுகுக்குப் பின்னால். அதனால் ஞாயிற்றுக்கிழமையை என்னால் பார்க்க முடியாது. நீங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஆகவே முடிவை உங்களிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். வாக்கியத்தைக்கூட வசதியாக நிறுத்தி வைத்திருக்கிறேன்: 'பசீலியா கயிற்றை நகர்த்த'. அந்தக் கடைசித் 'த'வுக்கு நீங்கள் மேல்விலங்கு போட்டால் 'தி' ஆகும், 'நகர்த்தினாள்' என்று போகும். போடாமல் விட்டால் 'வில்லை' என்று போகும். ஒரு சின்ன வளைவு. உங்கள் எழுத்துக்கு அதை விலங்கு என்று பெயர் வைத்தவர் யாரோ, என்னைத் தெரிந்தவர்.

பேனாவை நீட்டிய பிறகுதான் உறைத்தது. நீங்கள் குழிக்குப் பக்கத்தில் இல்லை. சாண் போட்டு அளக்கவில்லை. நான் சொல்லித்தான் கேட்டீர்கள். எப்படி முடித்தாலும் உங்கள் வாக்கியம் 'ஆம்' என்றுதான் முடியும்: நகர்த்தினாளாம், நகர்த்தவில்லையாம். வால் இல்லாமல் சொல்லக்கூடியவள் இந்த ஊரில் ஒருத்திதான்.

பேனாவைத் திருப்பிக் கொடுங்கள்.

மைதானத்தில் பலகைகளைப் போடுகிறார்கள். சாவியை வலது பக்கம் மாற்றிக் கட்டியிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அந்தப் பாழாய்ப்போன அழகான முகத்தை.

பசீலியா கயிற்றை நகர்த்த